ஸ்டெப்னியை இடம் மாற்றுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜீப் மாதிரி வண்டிகளின் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஏகப்பட்ட கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கணக்கில் வரும் அளவுகள் தோராயமானவை. உங்கள் வண்டியை டேப் வைத்து அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான்கு சக்கரத்துக்கும் 35 இன்ச் டயர் போட்டேன், ஸ்டெப்னியும் அதே சைஸ். இப்போது பின்கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் மூட முடிகிறது. இடம் மாற்றியே ஆகணுமா அண்ணே?

கதவு தொங்க ஆரம்பித்துவிட்டது தம்பி. கம்பெனி டயர் ரிம்மோடு 28 கிலோ என்றால், நீங்கள் மாட்டியிருப்பது 40 கிலோவுக்குக் குறையாது. கூடியது 12 கிலோதானே என்று தோன்றும். ஆனால் டயரின் நடுப்பகுதி கீலிலிருந்து 65 செ.மீ. தள்ளி இருக்கிறது, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 40 செ.மீ. என்று வையுங்கள். 40 கிலோவை 65 ஆல் பெருக்கி 40 ஆல் வகுத்தால் 65. கதவு திறந்திருக்கும்போது மேல் கீலைப் பிடுங்கி இழுக்கும் விசை 65 கிலோ எடைக்குச் சமம், அதுவும் வண்டி சும்மா நிற்கும்போதே. மூடியிருந்தால் லாட்ச் (கதவுப் பூட்டு) ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் அந்த விசையை இரண்டு மூன்று மடங்காக்கும்.

முதலில் எது தளர்ந்தது என்று பாருங்கள். கதவை ஒரு சாண் திறந்து, டயரின் அடிப்பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கூட ஒருவர் டார்ச் அடித்துக் கீலைப் பார்க்கட்டும். கீலுக்குள் இருக்கும் பின் (ஊசித் தண்டு) அசைந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. கீல் அசையாமல் கதவுத் தகடு மட்டும் மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கினால் உள்ளே தகடு களைத்துவிட்டது. கீலைச் சுற்றியும் டயர் மவுன்ட்டின் போல்ட் ஓரத்திலும் பெயின்ட்டில் மயிரிழை விரிசலோ துருக் கசிவோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஸ்டெப்னியை இன்றைக்கே கழற்றி வையுங்கள்.

கீல் மட்டும் தேய்ந்திருந்தால் கனமான கீலும், கதவுக்கு உள்பக்கம் எடையைப் பரப்பும் பிளேட்டும் போட்டு ஓட்டலாம். தகடே போயிருந்தால், 35 இன்ச் டயரை அதில் மறுபடி தொங்கவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: கதவு தொங்கவில்லை, கடகட சத்தம் மட்டும். டயர் மாற்றியதிலிருந்துதான்.

கதவில் ரப்பர் குமிழ்கள் இருக்கும், டயரின் பக்கச் சுவர் அவற்றில் அழுந்தி உட்கார வேண்டும். டயர் அகலமோ ரிம்மின் ஆஃப்செட்டோ (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் ஆகும் முகம் தள்ளியிருக்கும் அளவு) மாறினால் அந்த அழுத்தம் போய்விடும். ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் டயருக்கும் நடுவே வைத்து டயரின் நட்டுகளை முழுசாக முறுக்குங்கள். காகிதம் சுலபமாக உருவி வந்தால் ரப்பரை வெளியே நகர்த்துங்கள், அல்லது உயரமான ரப்பர் போடுங்கள். பெரும்பாலும் இதோடு சத்தம் நின்றுவிடும். ஸ்டெப்னியை இடம் மாற்றக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ரப்பரே போதும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பின் பம்பரில் திறந்து மூடும் கேரியர் வாங்கலாமா? நல்லது என்கிறார்கள்.

நல்லதுதான். எடை கதவை விட்டு நேராகச் சேஸிக்கு (வண்டியின் அடிச்சட்டம்) போகிறது, கனமான டயருக்கு அதுதான் சரி. வாங்கும்முன் இரண்டு விஷயம் பாருங்கள். பம்பர் எங்கே போல்ட் ஆகிறது? சேஸி ரெயிலின் பக்கவாட்டிலும் பிடிப்பு இருக்க வேண்டும், நுனியில் மட்டும் நான்கு போல்ட் போதாது. அடுத்து, கேரியரின் கை திரும்பும் தண்டில் பேரிங்கா, வெறும் புஷ்ஷா (உருளைகள் இல்லாத வெறும் குழாய்)? கூம்பு வடிவ ரோலர் பேரிங்கும் கிரீஸ் நிப்பிளும் இருந்தால் ஆட்டம் வந்தாலும் இறுக்கிக்கொள்ளலாம்.

எடையைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை, நான் சொல்கிறேன். பம்பர், கேரியர், டயர் எல்லாம் சேர்ந்து பின் அச்சிலிருந்து 80 செ.மீ. பின்னால் 90 கிலோ தொங்குகிறது, வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி) 245 செ.மீ. என்று வையுங்கள். முன் அச்சிலிருந்து ஏறக்குறைய 30 கிலோ எழும்பிவிடும், பின் அச்சில் 120 கிலோ கூடும். குட்டை வண்டியில் இது ஸ்டீயரிங்கிலேயே தெரியும், செங்குத்தான ஏற்றத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். பின் ஸ்பிரிங்கையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

கேள்வி: சார், கூரை ரேக்கில் கட்டினால் பின்பக்கமே ஃப்ரீயாகிவிடுமே?

ஆகும். வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அந்த அளவுக்கு இல்லை. 1,700 கிலோ வண்டியில் 40 கிலோவை 90 செ.மீ. மேலே ஏற்றினால் புவியீர்ப்பு மையம் 2 செ.மீ. அளவுக்கு உயரும். சாய்வில் அது கொஞ்சம் நெருடும், அவ்வளவுதான். கூரையின் தாங்குதிறன்தான் முதல் சிக்கல். மேனுவலில் போட்டிருப்பது ஓடும்போது தாங்கும் எடை, ரேக்கின் எடையும் அதற்குள் அடக்கம். சின்ன வண்டிகளில் டயரை வைத்த உடனேயே அது தீர்ந்துபோகும். இரண்டாவது சிக்கல் உங்கள் முதுகு. மழையில், சேற்றில் நின்றுகொண்டு, தனி ஆளாக 40 கிலோவைத் தலைக்கு மேலிருந்து இறக்குவதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பாருங்கள். அப்புறம் முடிவெடுங்கள்.

கேள்வி: பின்சீட்டை எடுத்துவிட்டேன். உள்ளேயே வைத்துவிடலாமா?

தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு எனக்குப் பிடித்த இடம் இதுதான். எடை இரண்டு அச்சுக்கும் நடுவே, தாழ்வாக வந்துவிடுகிறது. ஆனால் கட்டுவதில் கஞ்சத்தனம் கூடாது. மோதலில் வண்டி 20 ஜி (புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு) வேகக்குறைப்பில் நின்றால் அந்த டயர் 800 கிலோ விசையோடு முன்னால் பாயும், நடுவில் இருப்பது உங்கள் தலை. பக்கவாட்டு பிளாஸ்டிக்கில் இருக்கும் பை மாட்டும் கொக்கியில் கட்டாதீர்கள். தரையில் துளையிட்டு, அடியில் பெரிய பிளேட் கொடுத்து வளையம் போல்ட் செய்யுங்கள். துளையிடும்முன் கீழே பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், வயர் எதுவும் ஓடவில்லை என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். தாங்குதிறன் அச்சிட்ட ராட்செட் பெல்ட் இரண்டை ரிம் வழியாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள்.

கேள்வி: வண்டிக்கு அடியில்?

கம்பெனியே அங்கே இடம் விட்டிருந்தால் சரி. இல்லாவிட்டால் வேண்டாம். சைலன்சர் சூடு ஒருபக்கம், மேட்டில் இறங்கும்போது பின்புறம் இடிப்பது இன்னொரு பக்கம். சேற்றில் புதைந்து நிற்கும் நேரத்தில் ஸ்டெப்னியும் சேற்றுக்குள்தான் இருக்கும்.

கேள்வி: டயர் பம்பரில் உரசுகிறது. ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளினேன், சரியா?

வெளியே தள்ளத் தள்ளக் கதவை முறுக்கும் விசை கூடும். அதற்குப் பதில் மவுன்ட்டை மேலே ஏற்றும் பிராக்கெட் போடுங்கள். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிகிறதா என்று ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்த பிறகு துளை போடுங்கள்.

கேள்வி: மூன்றாவது பிரேக் லைட், கேமரா, நம்பர் பிளேட் எல்லாம் டயரோடு இருக்கிறதே அக்கா?

அக்கா இல்லை, அண்ணன்! ஜீப் ராங்லர் ஜேஎல் மாதிரி வண்டிகளில் கேமரா டயரின் நடுவிலேயே இருக்கும், அதைத் தனி பிராக்கெட்டில் நகர்த்த வேண்டும். வயரை வெட்டி ஒட்டாமல் பழைய கனெக்டரிலேயே நீட்டிப்பு வயர் மாட்டுங்கள். கதவு முழுசாகத் திறக்கும்போது வயர் இழுபடாத அளவுக்குச் சுருள் விடுங்கள். பிரேக் லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையாமல் தெரிய வேண்டும், பிளேட்டுக்கு விளக்கும் வேண்டும். இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்டெப்னியே இல்லாமல் பஞ்சர் கிட், கம்ப்ரசரோடு போனால்?

ஊருக்குள் போங்கள். பாறையில் பக்கச் சுவர் கிழிந்தால் எந்தக் கிட்டும் உதவாது.

கேள்வி: கேரியர் மாட்டிவிட்டேன். அடுத்து என்ன கவனிக்கணும்?

முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) மறுபடி பாருங்கள், இறுக்க அளவு கேரியரோடு வந்த தாளில் இருக்கும். போல்ட் தலைக்குக் குறுக்கே பெயின்ட் பேனாவில் ஒரு கோடு இழுத்துவிட்டால், தளர்ந்தது எது என்று அடுத்தமுறை பார்த்த உடனே தெரியும். ஐந்து டயரும் ஒரே சைஸ் என்றால் டயர்களை இடம் மாற்றிப் போடும் சுழற்சியில் ஸ்டெப்னியையும் சேருங்கள், காற்றையும் மாதம் ஒருமுறை பாருங்கள். சரிவில் நிறுத்திக் கேரியரைத் திறந்தால் அது தானாகச் சுழன்று வந்து அடிக்கும். திறந்த நிலையில் பிடித்து நிறுத்தும் லாக் பின் உங்கள் கேரியரில் இல்லையென்றால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.