செத்த ஆட்டிடம் காரணம் கேட்கும் படிப்பு

அண்ணாச்சி, 'கால்நடை மருத்துவம் படித்துவிட்டு என் மகள் செத்த ஆட்டை அறுத்துக்கொண்டா இருப்பாள்?' என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் விரும்புவது, நோயால் உறுப்புகளில் ஏற்படும் மாற்றங்களை ஆராயும் நோய்க்குறியியலும், நஞ்சுகளை ஆராயும் நச்சியலும் சேர்ந்த வேலை. அது என்னவென்று மானூர்ப் பக்கத்துச் சோளக்காட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தையோ, அறுத்த தூரில் துளிர்த்த மறுதாம்பையோ மேய்ந்த ஆடுகள், அதில் உண்டாகும் ஹைட்ரோசயனிக் அமிலத்தால் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறிச் சாவதுண்டு. யாரோ மருந்து வைத்துவிட்டதாக ஊர் பேசும். ஆட்டைத் திடீரென்று சாய்க்கும் துள்ளுமாரி நோய் என்பார் இன்னொருவர். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் உடலைத் திறக்கவே கூடாது என்பதால், காதிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அது இல்லையென்று தெளிந்த பிறகே கத்தியை எடுப்பார்கள். சோளத்தின் நஞ்சுதான் காரணமென்றால், உடனே திறக்கும்போது இரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவும், இரைப்பையில் சோளத்தழை அரைபடாமலும் இருக்கும். அப்போதும் அவசரப்பட்டு முடிவு சொல்வதில்லை. ஈரல், சிறுநீரகத் துண்டுகளை நுண்ணோக்கிச் சோதனைக்காக 10 சதவீத ஃபார்மலினில் போட்டு, நச்சுச் சோதனைக்கானவற்றை ஃபார்மலின் படாமல் தனிப் புட்டியில் இறுக மூடி, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் சாட்சியே போயிற்று.

படிப்பைப் பொறுத்தவரை, உங்களுக்குப் பக்கத்திலேயே, திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓராண்டுப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள்; மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். அதன்பின் முதுகலை இரண்டு ஆண்டுகள். அங்கே நோய்க்குறியியல் ஒரு துறை. நச்சியலோ மருந்தியலோடு சேர்ந்த வேறொரு துறை. முதலில் நோய்க்குறியியலை எடுத்து, ஆய்வுப் பொருளாக நச்சியலை வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். வேதியியல் சோதனைக்கு உடன் ஆள் கிடைப்பார். திசுவைப் பார்த்துப் பழகிய கண்ணை அப்படி இரவல் வாங்க முடியாது.

சம்பாத்தியம் தாமதமாகத்தான் வரும். அதை மறைக்க மாட்டேன். இளங்கலை முடித்ததும் தேர்வாணையம் வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம் என்பதால், மேற்படிப்பு அமையாவிட்டாலும் வழி அடைபடாது. புதிய மருந்தோ பூச்சிக்கொல்லியோ சந்தைக்கு வருமுன் எலிகளில் சோதித்து, அவற்றின் உறுப்புகளை ஆராய்ந்து அறிக்கை எழுதும் வேலைக்கும் இந்தத் துறை படித்தவர்கள்தான் தேவை. ஆனால் அத்தகைய ஆய்வகங்கள் பெரும்பாலும் ஹைதராபாத், பெங்களூர் போன்ற ஊர்களில் இருப்பதால், மகளை வெளியூர் அனுப்ப மனம் வேண்டும்.

பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, அவற்றின் உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு பூசினாற்போல் யூரிக் அமிலம் படிந்திருந்ததைக் கண்டு, அவை தின்ற செத்த மாடுகளின் உடலில் தங்கியிருந்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தே காரணமென்று 2004-இல் நிறுவியதும் இவ்வகைப் பிணப் பரிசோதனைதான். 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது.

விடுமுறையில் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, ஒரு பரிசோதனையைத் தள்ளி நின்று பார்க்க அவளை அனுப்புங்கள். முதல் நாள் யாருக்கும் குமட்டும்; வீட்டுக்கு வந்ததும் நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறாளா, அந்த ஆடு ஏன் செத்தது என்று பேசுகிறாளா என்பதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள்.