குழந்தையின் கழுத்தில் இடது பக்கம் கட்டி திரும்பத் திரும்பப் பழுக்கிறது. காசநோய் மாத்திரை தொடங்கலாமா?

கீறிச் சீழ் எடுத்த இடத்திலேயே மறுபடி பழுக்கிறது, அதுவும் இடது பக்கம் என்கிறீர்கள். அந்த இடது பக்கத்துக்காகவே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, கோத்தகிரியில் தையல் கடை வைத்திருப்பவள். தையல்காரிக்கு வைத்தியம் எதற்கு என்பவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம்.

என் மகளுக்குச் சளி பிடித்தால் போதும், தைராய்டை ஒட்டி இடது பக்கம் வீங்கிவிடும். எச்சில் விழுங்கவே அழுவாள். பொன்னுக்கு வீங்கி என்று மாமியார் தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டார். (அது காதுக்குக் கீழே அல்லவா வீங்கும்? சொன்னால் யார் கேட்டார்கள்!) நெறிகட்டி என்றார் ஒரு மருத்துவர். கண்டமாலையாக (கழுத்து நெறியில் வரும் காசநோய்) இருக்கும், காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். சீழில் கிருமி இல்லை என்று முடிவு வந்திருக்கும்போது 6 மாத மாத்திரை எதற்கு என்று கேட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கினேன். மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. காசநோய் உறுதியானால் ஒரு வேளைகூட விடாமல் கொடுங்கள்.

கோவையில் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான், "எப்போதும் இதே பக்கமா?" என்று கேட்டார். கரு வளரும்போது கழுத்துப் பகுதியில் தோன்றும் பைகளில் மூன்றாவதோ நான்காவதோ மறையாமல் தங்கிவிட்டால், குரல்வளையின் பக்கத்துக் குழியிலிருந்து தைராய்டு வரை மெல்லிய பாதை ஒன்று நின்றுவிடுமாம். பெரும்பாலும் இடப்புறம்தான். தொண்டைக் கிருமி அதன் வழியே இறங்குகிறது. வெளியே எத்தனை முறை கீறினாலும், தொண்டைக்குள் இருக்கும் அந்தப் பாதையின் வாய் திறந்தே கிடக்கும். பேரியம் என்ற, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் திரவத்தைக் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்தப் பாதை தெரிந்தது. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்து, பாதையின் அந்த உள்வாயைச் சுட்டு அடைத்தார்கள். வீக்கம் இருக்கும்போது அந்த எக்ஸ்ரே எடுத்தால் பாதை அடைபட்டு ஒன்றும் தெரியாமல் போகலாம். வற்றிச் சில வாரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். எங்களுக்குத் தேதி கிடைத்தது மே மாதத்தில். குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறுகிற வண்டியெல்லாம் சீசனில் எங்கள் கோத்தகிரி வழியாகத்தான் இறங்கும். 2024-இல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் முன்அனுமதி) கொண்டுவந்தார்கள், மலைப்பாதை நெரிசல் மட்டும் இறங்கவில்லை. நோயாளியோடு அதில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நடுக்கழுத்தில் இருந்து, நாக்கை நீட்டும்போது மேலே ஏறும் கட்டி வேறு வகை. அதை எடுப்பதற்கு முன், தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். மூச்சு வாங்கினால் எதற்கும் காத்திருக்காமல் ஓடுங்கள். இல்லையென்றால், எந்தெந்த மாதம் எந்தப் பக்கம் வீங்கியது என்று ஒரு தாளில் எழுதி, சீழ் பரிசோதனைச் சீட்டுகளோடு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொடுங்கள்.