எட்டு நாள் ஒரு நிறுத்தமும் இல்லாத கடல்: ஓய்வுக்காலச் சேமிப்பை இதற்குச் செலவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 69, மனைவிக்கு 67. லண்டன் ஈஸ்ட்ஹாமில் வசிக்கிறோம். முப்பத்தொரு ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. இருவருக்கும் அரசு ஓய்வூதியம் ஏறக்குறைய முழுமையாக வருகிறது. எனக்கு வேலை வழி ஓய்வூதியமாக மாதம் 450 பவுண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. ஐசா என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 22,000, சாதாரண சேமிப்பில் 16,000, இன்னும் தொடாத தனி ஓய்வூதிய நிதியில் 84,000 பவுண்டு உள்ளன. நவம்பரில் சௌதாம்ப்டனிலிருந்து ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலுக்கு 14 இரவுகள் போகும் கப்பலில் ஜன்னல் அறை ஒன்றை இருவருக்குமாக 2,300 பவுண்டுக்குத் தருவதாக முகவர் சொல்கிறார், முன்பணம் 300. வழியில் மதேய்ராவின் ஃபுன்ஷால், முடிவில் பஹாமாஸின் நாசோ, இரண்டே துறைமுகங்கள். நடுவில் எட்டு நாட்கள் தொடர்ந்து கடல்தான். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. "ஒன்பதரை மணி நேரத்தில் விமானம் போகும் ஊருக்கு இரண்டு வாரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போவீர்களா?" என்று மகன் சிரிக்கிறான். மனைவிக்குக் குமட்டல் பயம். ஓய்வூதிய நிதியில் வரியில்லாமல் எடுக்கக்கூடிய 21,000 பவுண்டை எடுத்து இதைச் செய்யலாமா? கப்பலிலேயே அடுத்த ஆண்டுக்கும் பதிவு செய்தால் சலுகை என்கிறார்களே, அதை ஏற்கலாமா?

பதில்: போகலாம், ஐயா. ஆனால் ஓய்வூதிய நிதியைத் தொடாமல், 2,300 பவுண்டு என்ற எண்ணை நம்பாமல் போக வேண்டும்.

முதலில் உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது தவறான கணக்கிலிருந்து எழுகிறது. அவர் இதைப் பயணச்சீட்டாகப் பார்க்கிறார். அப்படிப் பார்த்தால் விமானமே வெல்லும். நீங்கள் வாங்க நினைப்பதோ பதினான்கு நாள் உறைவிடத்தையும் உணவையும், அவற்றோடு சேர்ந்து வரும் ஓர் அபூர்வப் பொருளான நேரத்தையும். மேற்கு நோக்கி அட்லாண்டிக்கைக் கடக்கும்போது இங்கிலாந்துக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையிலான ஐந்து மணி நேர வித்தியாசத்தைக் கப்பல் ஒரே இரவில் விழுங்குவதில்லை. ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணியாகப் பின்னே தள்ளி வைக்கிறார்கள், அதனால் உங்களுக்கு 25 மணி நேரம் கொண்ட ஐந்து நாட்கள் கிடைக்கின்றன. கரையிறங்க வரிசை இல்லை, மாலை ஐந்துக்குள் திரும்பியாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. பல கப்பல்களில் நண்பகலில் ஒலிபெருக்கி வழியாகக் கப்பல் நிற்கும் அட்சரேகையையும் காற்றின் வேகத்தையும் அறிவிப்பார்கள், பலருக்கு அன்றைய தினத்தின் மிகப்பெரிய செய்தியே அதுதான். முப்பது ஆண்டுகள் நிமிடக் கணக்கில் நிறுத்தங்களுக்கு வண்டியைக் கொண்டு சேர்த்தவருக்கு, ஒருவரும் ஏறாத, ஒருவரும் இறங்காத எட்டு நாட்கள் ஏன் இனிக்கின்றன என்பதை நீங்கள் எனக்கு விளக்க வேண்டியதில்லை. (கிழக்கு நோக்கித் திரும்பும் வசந்தகாலப் பயணத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாட்களில் 23 மணி நேரம்தான், ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த திசை சரியானது.)

விலை ஏன் இவ்வளவு குறைவு என்பதும் உங்கள் தொழிலோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். கடைசிப் பயணியை இறக்கிவிட்டுப் பணிமனைக்குக் காலியாக ஓட்டிச் செல்லும் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். கோடையில் மத்தியதரைக் கடலிலும் வட ஐரோப்பாவிலும் ஓடும் கப்பல்கள் குளிர்காலத்தில் கரீபியனில் இருந்தாக வேண்டும். அக்டோபர், நவம்பரில் அவை எப்படியும் கடலைக் கடக்கத்தான் போகின்றன, எனவே காலி அறைகளைக் குறைந்த விலைக்கேனும் விற்றுவிடுகிறார்கள். சௌதாம்ப்டன்–நியூயார்க் வழியில் 2004 முதல் ஓடும் குயின் மேரி 2 இந்த வகையில் சேராது. அது கடப்பதற்காகவே கட்டப்பட்ட கப்பல், ஏழு இரவுப் பயணத்தை ஆண்டுக்குப் பல முறை செய்கிறது. உங்களுடையது இடம் மாறும் கப்பல். வழியும் தெற்கே விலகிச் செல்வதால், நவம்பரில் வட அட்லாண்டிக்கை நேராகக் கடப்பதைவிடப் பொதுவாக வெதுவெதுப்பாக இருக்கும்.

ஆனால் மலிவான கட்டணத்தின் மறுபக்கத்தை முகவர்கள் சொல்வதில்லை. கப்பலின் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் பெரும்பாலான துறைமுகங்களில் மூடியிருக்கும், கடலில் திறந்திருக்கும். எனவே நீங்கள் எங்கும் இறங்க முடியாத ஒவ்வொரு நாளும் நிறுவனத்துக்கு விற்பனை நாள். கடலைப் பார்த்துக்கொண்டு, நூலகப் புத்தகத்தோடு, ஒரு சாய்வு நாற்காலியில் மகிழ்ச்சியாக உட்கார்ந்திருப்பவருக்கு இது உண்மையிலேயே மலிவான பயணம். மூன்றாம் நாளே அலுத்துப்போகிறவருக்கு இதைவிட விலை உயர்ந்த பயணம் வேறில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் இதே திசையில் ஒரு முறை கடந்தோம். கடைசி நாள் விடியற்காலையில் அறைக் கதவின் அடியில் மடித்துச் செருகியிருந்த கணக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தேன்: ஒவ்வொன்றுக்கும் 18 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்த்து ஒன்பது காப்பிகள், மூன்று முறை பிங்கோ, நாங்கள் கேட்டு எடுக்காத நான்கு புகைப்படங்கள், ஒரே ஒரு கைப்பேசி இருந்தும் இரண்டு கருவிகளுக்கு நான் அவசரத்தில் வாங்கிவிட்ட வைஃபை. பெரிதாக எதையும் வாங்கவில்லை என்ற நினைப்பில் இருந்த எங்களுக்கு மொத்தம் 412 டாலர். நிதி ஆலோசகரின் வீட்டுக் கணக்கே அப்படி இருந்தது என்பதை மகனிடம் சொல்லிவிட வேண்டாம்.

இப்போது உங்கள் உண்மையான செலவுக்கு வருவோம். அறைக்கு 2,300. திரும்பி வர இருவருக்கும் ஒருவழி விமானம், இன்றைய நிலையில் 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கப்பல்களில் ஆளொன்றுக்கு நாளுக்கு 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறும். பதினான்கு நாளுக்கு இருவருக்கும் ஏறக்குறைய 360 பவுண்டு. சில பிரிட்டிஷ் கப்பல்களில் இது கட்டணத்திலேயே அடங்கிவிடும், ஆகவே பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு 350, இறங்கிய ஊரில் ஓரிரவு விடுதிக்கு 150, அமெரிக்காவுக்குள் நுழையும் எஸ்டா அனுமதிக்கு ஆளுக்கு 40 டாலர் வீதம் ஏறக்குறைய 60, கைச்செலவுக்கு 250. கூட்டினால் 4,270, 4,300 என்றே வைத்துக்கொள்வோம். ஆளொன்றுக்கு நாளுக்கு 82 பவுண்டாகத் தெரிந்தது 154 ஆகிவிட்டது. நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிக் குடிக்கும் மதுப்பொதியை வாங்க வேண்டாம் என்பது என் திட்டமான கருத்து: நாளுக்கு 70 டாலர் என்றாலும், பல நிறுவனங்கள் ஓர் அறையில் உள்ள பெரியவர்கள் இருவரும் வாங்கியாக வேண்டும் என்பதால், 1,960 டாலர் போய்விடும். "வீட்டில் இருப்பதைவிட மலிவு" என்று முகவர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடலில் இருக்கும்போதும் கவுன்சில் வரி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த 4,300 பவுண்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பணம் மிஞ்சுகிறது. அரசு ஓய்வூதியத்தோடு மாதம் 450 சேரும்போதே உங்கள் வருமானம் 12,570 பவுண்டு என்ற வரியில்லா வரம்பைத் தாண்டிவிட்டது. ஆகவே ஓய்வூதிய நிதியிலிருந்து ஒரு தொகையை அப்படியே எடுத்தால் அதில் கால் பங்குக்கு வரி இல்லை, மீதி முக்கால் பங்குக்கு 20 சதவீதம் வரி. கைக்கு 4,300 வர நீங்கள் 5,059 எடுக்க வேண்டும், அதாவது 759 பவுண்டு வரியாகப் போகும். முதல் முறை எடுக்கும்போது அவசர வரிக்குறியீட்டின்படி அதற்கும் மேலாகப் பிடித்துக்கொண்டு, நீங்கள் படிவம் போட்டுக் கேட்ட பிறகு திருப்பித் தருவதும் வழக்கம். 21,000 பவுண்டையும் வரியில்லாமல் எடுத்துவிடலாமே என்பது உண்மைதான். ஆனால் தேவை 4,300 ஆக இருக்கும்போது வரியின்றி வளர்ந்துகொண்டிருக்கும் பணத்தை வெளியே எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டு, அதன் வட்டிக்கு வரி வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் எந்த லாபமும் இல்லை. சாதாரண சேமிப்பில் உள்ள 16,000-த்திலிருந்து எடுங்கள். அதன் பிறகும் 11,700 பவுண்டு அங்கேயும், ஐசாவில் 22,000 தொடாமலும் இருக்கும். கொதிகலன் பழுதானாலும் கூரை ஒழுகினாலும் சமாளிக்கப் போதும்.

ஒரு முறைக்கு இது சரி. ஆண்டுதோறும் என்றால் கணக்கே வேறு: இருபது ஆண்டுகளுக்கு 86,000 பவுண்டு, உங்கள் ஓய்வூதிய நிதி முழுவதையும்விட அதிகம். ஆகவே கப்பலில் அடுத்த பயணத்துக்கு முன்பதிவு செய்யும் மேசையைக் கடந்து போய்விடுங்கள். அந்த முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அதிலும் பயணத்தின் கடைசி இரண்டு நாட்களில், மனம் நெகிழ்ந்திருக்கும் வேளையில் கையெழுத்துப் போடுவது நல்லதல்ல.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கப்பலின் மருத்துவ அறை தனியார் மருத்துவமனைக்குச் சமம். அங்கே என்எச்எஸ் என்னும் அரசு மருத்துவச் சேவை செல்லாது, கட்டணத்தை உடனடியாக உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். நடு அட்லாண்டிக் ஹெலிகாப்டர் எட்டாத தூரம். எனவே பாலிசியில் கப்பல் பயணம் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். இடமாக ஐரோப்பாவையோ அமெரிக்கா நீங்கலான உலகத்தையோ தேர்ந்தெடுத்துவிடாமல், அமெரிக்காவையும் கரீபியனையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அதனால் யாரேனும் மறுத்தால், உடல்நலக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாலிசி தரும் நிறுவனங்களின் பட்டியல் அரசு ஆதரவுடைய மணிஹெல்ப்பர் சேவையில் உண்டு. முன்பணம் கட்டும் அன்றே பாலிசியையும் எடுத்துவிட்டால், புறப்படும் முன் நோய் வந்து பயணம் ரத்தானாலும் பாதுகாப்பு இருக்கும். விமானத்தைத் தனியாக வாங்காமல் கப்பல் நிறுவனத்தின் வழியாகவே சேர்த்து வாங்கினால், கப்பல் தாமதமாகி விமானம் தவறும்போது அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவர்களுடையது, நிறுவனம் நொடித்தாலும் பணத்தைக் காக்கும் ஏட்டால் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கும். அதற்காகச் சில பவுண்டுகள் கூடினாலும் பரவாயில்லை. பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள்: 100 முதல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு, விற்றவர் தவறினால் அட்டை வழங்கிய வங்கியும் பொறுப்பு என்கிறது நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. முகவர் நடுவில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகக்கூடும் என்பதால், பணம் கப்பல் நிறுவனத்தின் பெயரிலேயே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துணைவியாரின் குமட்டல் பயத்தை அற்பமாக நினைக்கக் கூடாது. எட்டு நாள் நிறுத்தம் இல்லை என்பது உங்களுக்கு ஆசை, அவருக்கு அதுவே அச்சம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, பெரும்பாலும் விலையும் மேல்தளத்து பால்கனி அறையைவிடக் குறைவு. மீதித் தொகையைப் பொதுவாகப் புறப்படுவதற்குச் சுமார் 90 நாட்களுக்கு முன்புதான் கேட்பார்கள். அதற்குள் ஒரு முறை போர்ட்ஸ்மத்திலிருந்து ஸ்பெயினின் சாந்தாந்தேருக்குப் போகும் ஃபெரியில் இருவரும் போய்ப் பாருங்கள். பிஸ்கே விரிகுடாவைக் கடக்கும் பயணம், ஏறக்குறைய முப்பது மணி நேரம். இறங்கிய பிறகும் அவர் சரி என்றால் மீதி 2,000 பவுண்டைக் கட்டுங்கள். வேண்டாம் என்றால் மனமாற்றத்துக்குக் காப்பீடு எதுவும் கை கொடுக்காது, முன்பணம் 300 போனதோடு விட்டுவிடுங்கள்.