நான்கு நாளும் மூன்று வருடமும்

அன்புள்ள அண்ணா,

கீ லாஃப்ளூர் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். மொன்றியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் ஜெனரல் மனேஜராக இருந்த சாம் பொலக்கை, 'அந்த அணி கண்ட மிகப் பெரிய ஆள்' என்று அதில் சொல்லியிருந்தீர்கள். ரிச்சர்ட், பெலிவோ, லாஃப்ளூர் ஆடிய அணியில், வெளியே கோட் போட்டுக்கொண்டு இருந்த ஒருவரா பெரிய ஆள்? எனக்கு உறுத்தியது. இந்த மனேஜர்கள் மாடு மாற்றுவதுபோல ஆட்களை மாற்றுகிறவர்கள். போன மாதம் வீடு வாங்கியவனுக்கு ஃபோன் எடுத்து, நாளைக்கு வேறு ஊருக்குப் போ என்பார்கள். அவனுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற வேண்டும். கோல்காப்பாளர் பற்றிக் ருவாவை விற்றவரும் ஒரு ஜெனரல் மனேஜர்தானே? அவர்களுக்கு ஏன் இந்தப் புகழ்?

கு.,
ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ருவாவிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு ஹொக்கி பிடிபட்டதே அந்த இரவில்தான்.

1995 டிசம்பர் 2, சனிக்கிழமை. அப்போது மொன்றியலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குசினி வாசலுக்கு மேலே சின்ன ரி.வி. ஒன்று. டிட்ரோயிட் கோல் மேல் கோல் அடிக்க அடிக்க, குசினியில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. லேசான ஓர் அடியை ருவா மறித்ததும் சனம் கேலியாகக் கைதட்டியது. அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். ஒன்பதாவது கோலுக்குப் பிறகுதான் பயிற்சியாளர் மரியோ ற்றெம்பிளே அவரை வெளியே எடுத்தார். ருவா அவரைக் கடந்து போனார், திரும்பி வந்தார், பின்னால் இருந்த நிர்வாகத் தலைவர் ரொனால்ட் கோரியிடம் குனிந்து ஏதோ சொன்னார். மொன்றியலில் இதுதான் தன் கடைசி ஆட்டம் என்றாராம். எண்ணெய்ச் சட்டியில் உருளைக்கிழங்கு கருகும் மணம் வந்த பிறகுதான் எங்கள் குசினியில் ஆட்கள் அசைந்தார்கள். ஆட்டம் 11-1 என்று முடிந்தது.

நான்கே நாளில், டிசம்பர் 6ஆம் திகதி, ஜெனரல் மனேஜர் றெஜோன் ஊல், ருவாவையும் கப்டன் மைக் கீனையும் கொலராடோவுக்குக் கொடுத்து மூன்று பேரை வாங்கினார். அடுத்த யூனில் கொலராடோ லீக்கின் சம்பியன் கோப்பையான ஸ்ரான்லிக் கோப்பையைத் தூக்கியது. மொன்றியலுக்கு, 1993இல் ருவா நின்று வென்று கொடுத்த கோப்பைதான் கடைசி. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் இன்னொன்று வரவில்லை.

ஊலை நான் திட்டமாட்டேன். வீரராக ஐந்து கோப்பை வென்றவர், நல்ல மனிதர். அந்தக் கதிரையில் இருந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அணி நடத்திய அனுபவமும் கிடையாது. விற்கிறவனுக்கு அவசரம் என்று சந்தை முழுக்கத் தெரிந்த பிறகு விலை சொல்கிறவன் வாங்குகிறவன்தான். அவரை அங்கே இருத்தியவர்களைத்தான் நான் கேட்பேன்.

பொலக்கை ஏன் பெரிய ஆள் என்றேன்? 1964 முதல் 1978 வரை அவருடைய காலத்தில் ஒன்பது கோப்பைகள். கணக்கை விடுங்கள், வேலையைப் பாருங்கள். 1967இல் லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாகப் பெருத்தது. புது அணிகளுக்கு இந்த வருடமே ஆட ஆட்கள் வேண்டும், இல்லாவிட்டால் ரிக்கெற் விற்காது. பொலக்கிடம் தேர்ந்த ஆட்கள் மிச்சமாக இருந்தார்கள். அவர்களைக் கொடுத்து, அந்த அணிகளின் வருங்காலத் தேர்வு உரிமைகளை, அதாவது வருடாவருடம் புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும்போது அவர்களுக்கு வரும் முறையை, வாங்கினார். பசித்தவன் விதைநெல்லைக் குற்றிச் சமைக்கிறபோது, அவர் அடுத்த போகத்துக்கு நெல்லுச் சேர்த்தார்.

1970 மே மாதம் அந்தப் புது அணிகளில் ஒன்றான ஓக்லண்ட் சீல்ஸிடம் ஏர்னி ஹிக்கி என்ற வீரரையும் அந்த வருடத்தின் முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து, 1971இன் முதல் சுற்றுத் தேர்வை வாங்கினார். கியூபெக் ரெம்பார்ட்ஸ் என்ற இளையோர் அணிக்கு ஆடிய லாஃப்ளூர் என்ற பையன் 1971இல்தான் தேர்வுக்கு வருவான். கடைசியாக வரும் அணிக்குத்தான் முதல் தேர்வு. அவன் கைக்கு வர வேண்டுமானால் சீல்ஸ் கடைசியாக வர வேண்டும். 1971 சனவரியில் பொலக், ரால்ஃப் பேக்ஸ்ட்ரோமை லொஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார். அந்த அணி சீல்ஸுக்குக் கீழே போய்விடாமல் தாங்கிப் பிடிக்கத்தான் அனுப்பினார் என்பது ஊரெல்லாம் சொல்லும் கதை. கடைசியில் சீல்ஸ் 45 புள்ளி, லொஸ் ஏஞ்சலஸ் 63. பதினெட்டுப் புள்ளி வித்தியாசம் ஒரே ஆளால் வந்ததென்று நான் நம்பவில்லை. பேக்ஸ்ட்ரோமும் முன்னரே வேறு அணி கேட்டிருந்தவர். எனவே அந்தப் பிரபலமான தந்திரத்துக்காக நான் பொலக்கைப் புகழவில்லை.

நான் மதிப்பது அதற்குப் பிறகு நடந்ததை. முதலாவதாக எடுத்த லாஃப்ளூர் முதல் வருடம் 29 கோல், அடுத்த வருடம் 28, மூன்றாவது வருடம் 21 என்று இறங்கினார். இரண்டாவதாக டிட்ரோயிட் எடுத்த மார்செல் டியோனோ முதல் வருடமே, அடித்த கோலும் உதவிய கோலும் சேர்த்து, 77 புள்ளி எடுத்தார். லாஃப்ளூர் 64. பெலிவோ ஓய்வு பெற்ற அதே வருடம் வந்த பையன். அந்த இடத்தை இவன் நிரப்புவான் என்று காத்திருந்த சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. பொலக் நெஞ்சுறுதி கொண்ட கற்சிலை இல்லை. பதற்றத்தில் கைக்குட்டையைக் கடிக்கிறவர் என்று பெயரெடுத்தவர். ஆனாலும் விற்கவில்லை. நான்காம் வருடம் லாஃப்ளூர் 53 கோல் அடித்தார். அதிலிருந்து ஆறு வருடம் தொடர்ந்து ஐம்பதுக்குக் குறையவில்லை. 1976-77இல் எண்பது ஆட்டங்களில் எட்டில் மட்டும் தோற்ற அந்த அணி, பொலக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்த அந்த மூன்று வருடத்தில் விளைந்தது.

இந்தப் பொறுமை அவருக்கு முன்பிருந்த ஃபிராங்க் செல்கியிடமும் இருந்தது. உங்கள் ரொறன்ரோவில் அணித் தலைவர் கொன் ஸ்மைத்தோடு ஒத்துப்போகாமல் 1946இல் இங்கே வந்தவர். கியூபெக் நகரத்தில் சந்தோசமாக ஆடிக்கொண்டிருந்த பெலிவோ மொன்றியலுக்கு வர மறுத்தபோது வருடக்கணக்காகக் காத்திருந்தார். தொழில்முறையில் ஆடினால் கனேடியன்ஸுக்குத்தான் என்று பெலிவோ முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். பெயருக்கு அமெச்சூராக இருந்த, அவர் ஆடிய லீக்கையே கனேடியன்ஸ் வாங்கித் தொழில்முறை லீக்காக மாற்ற, 1953இல் பெலிவோ வந்து கையெழுத்து வைத்தார். பொலக் வேலை பழகியது செல்கிக்குக் கீழேதான்.

ஆனால் தம்பி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்தக் காலத்து வீரனுக்கு அணியை விட்டு விலகும் உரிமை அநேகமாகக் கிடையாது. பொலக்கின் பொறுமைக்கு அதுவும் முட்டுக்கொடுத்தது. 2005இலிருந்து ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடும் பணத்துக்கு உச்சவரம்பும் இருக்கிறது, அவருடைய வித்தையில் பாதி இன்று செல்லாது. அவர் தவறாதவரும் இல்லை. 1977இல் மொன்றியலிலேயே பிறந்த மைக் பொசியை விட்டுவிட்டு வேறொருவரை எடுத்தார். பொசி நியூயோர்க் ஐலண்டர்ஸுக்குப் போய் 573 கோல் அடித்தார், நான்கு கோப்பை வென்றார்.

கனேடியன்ஸ் ஆடும் அரங்கமான பெல் சென்ரருக்கு வெளியே நான்கு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன: மோரன்ஸ், ரிச்சர்ட், பெலிவோ, லாஃப்ளூர். நான்கு பேரும் ஆடியவர்கள். நீங்கள் கேட்டபடிதான் ஊரும் நினைக்கிறது. மொன்றியல் பக்கம் வந்தால் சொல்லுங்கள், லூசியன் லாலியே மெற்றோவில் இறங்கி நடந்து போகலாம். லாஃப்ளூரின் சிலைக்கு முன்னால் நின்று அந்த மூன்று வருடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல எனக்கு இருக்கிறது.