பழைய கிரேக்கக் காசு: வாசகர் கேள்விகள்

மாமா வைத்திருந்த 10,000 டிராக்மா நோட்டு ஒன்று கிடைத்தது. எங்கே மாற்றலாம்?

எங்கும் முடியாது. யூரோ வருமுன் கிரீஸில் ஓடிய பணம் டிராக்மா. அங்கே நோட்டுகளை மாற்றக் கடைசிக் கெடு 2012 மார்ச் 1, காசுகளுக்கு 2004-லேயே முடிந்துவிட்டது. அன்று போயிருந்தால் ஒரு யூரோவுக்கு 340.75 என்ற கணக்கில் சுமார் 29 யூரோ வந்திருக்கும். இனி சேகரிப்பவர் தருவதுதான் விலை, மடிப்பு விழாமல் வையுங்கள்.

என்னிடம் கிரேக்கக் காசு ஒன்று இருக்கிறது. விலை என்ன?

எந்தக் காசு? எடை எங்கே, இரண்டு பக்கப் படம் எங்கே? எத்தனை தடவைதான் சொல்வது!

அந்தக் காலத்து ஒரு டிராக்மா இன்றைக்கு எத்தனை ரூபாய்?

அது சுமார் 4.3 கிராம் வெள்ளிக் காசு, ரூபாயில் கேட்டால் வெறும் வெள்ளி விலைதான் வரும். கூலியை வைத்துப் பாருங்கள். கி.மு. 400-ஐ ஒட்டி ஏதென்ஸில் எரெக்தியான் கோயில் கட்டிய கொத்தனாருக்கும் தச்சருக்கும் நாளுக்கு ஒரு டிராக்மா, அந்தக் கணக்கு கல்லில் வெட்டியபடி இன்றும் இருக்கிறது. வழக்குக் கேட்க உட்கார்ந்த ஜூரிக்கு 3 ஒபோல், அதாவது அரை டிராக்மா. பைபிளில் வரும் தாலந்து 6,000 டிராக்மா. நம் கொத்தனார் 16 வருஷத்துக்கு மேல் லீவே போடாமல் உழைத்தால்தான் அது கைக்கு வரும்.

ஏதென்ஸ் ஆந்தைக் காசு, கறுத்துக் கிடந்தது. விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டேன். எவ்வளவு போகும்?

படிக்கும்போதே வயிறு எரிகிறது. குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யலாமா? 2,400 வருஷமாக வெள்ளியின் மேல் மெல்லப் படிந்த கருமை அது, வாங்குகிறவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். விபூதியும் பற்பசையும் அதை வழித்தெடுப்பதோடு நிற்காமல் பொடிப்பொடியாகக் கீறலும் போடும். லென்ஸ் வைத்து ஆந்தையின் நெஞ்சுப் புள்ளிகளைப் பாருங்கள், எல்லாக் கோடும் ஒரே திசையில் ஓடினால் அது உங்கள் கைவேலை. நல்ல டெட்ராடிராக்மா, அதாவது இந்த நாலு டிராக்மா ஆந்தைக் காசு, ஏலத்தில் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும், தேய்த்ததைக் கண்டால் பாதிக்குக் கேட்பார்கள், அதையும் தயங்கித்தான் கேட்பார்கள். சரி, எடை போட்டீர்களா? 17 கிராமை ஒட்டி வர வேண்டும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அச்சில் வார்த்த போலி. இனி எந்தக் காசையும் தேய்க்காதீர்கள், அழுக்கோடு கொண்டுவாருங்கள்.

1944-ம் வருஷ நோட்டில் பத்தாயிரம் கோடி டிராக்மா என்று இருக்கிறதே?

அந்த நவம்பரிலேயே 5,000 கோடி பழைய டிராக்மாவுக்கு ஒரு புது டிராக்மா என்று ஆக்கினார்கள். உங்கள் நோட்டு வெறும் 2 டிராக்மா. 1954-ல் இன்னும் மூன்று சைபரை வெட்டினார்கள்.

சிங்கத்தோல் போர்த்திய அலெக்சாண்டர் முகம்...

அது கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ். அலெக்சாண்டர் பெயர் பின்பக்கம், உட்கார்ந்திருக்கும் ஸீயஸ் கடவுளின் பக்கத்தில் இருக்கும். எடை, படம் அனுப்புங்கள்.

கிரீஸின் 2002 ஒரு யூரோ காசில் நட்சத்திரத்துக்குள் 'எஸ்' எழுத்து. லட்சம் போகுமாமே?

போகாது. பின்லாந்தில் அச்சடித்ததற்கான அடையாளம் அது, கோடிக்கணக்கில் வெளிவந்தது. அதில் இருப்பதும் அதே பழைய ஆந்தைக் காசின் படம்தான். தேய்க்காதீர்கள்.