மான் மேயும் வயலுக்குச் சுடும் அனுமதி கிடைக்குமா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் மானாவாரி. பாதியில் மக்காச்சோளம், பாதியில் கடலை. காப்புக்காடு முக்கால் கிலோமீட்டர் தூரம்தான். பயிர் முளைத்து இரண்டு வாரம் ஆவதற்குள் புள்ளிமான் கூட்டம் இறங்கிவிடுகிறது. ராக்காவல் இருந்து அலுத்துவிட்டோம். அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கும் என் மைத்துனர், அங்கே மான் பயிரைத் தின்றால் விவசாயிக்குப் பர்மிட் தருவார்கள், வேட்டைக்காரர் வந்து சுட்டுக்கொண்டு போவார் என்கிறார். பக்கத்து ஊரில் லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கியோடு ஒருவர் இருக்கிறார். நாங்களும் அப்படி அனுமதி வாங்க முடியுமா?

பதில்: சட்டப் புத்தகத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போய் இந்தப் பட்டத்துக் கடலையைக் காப்பாற்ற முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் துப்பாக்கிக்காரரைக் கூப்பிட்டு வழக்கில் மாட்டுவீர்கள். இல்லாவிட்டால் ஒன்றுமே செய்யமுடியாது என்று கைகட்டி உட்கார்ந்துவிடுவீர்கள்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. அதற்கு விலக்கு 11-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டாம் அட்டவணையில் (அட்டவணை என்பது சட்டம் பாதுகாக்கும் விலங்குகளின் பட்டியல்) உள்ள ஒரு விலங்கு மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் மனநிறைவு அடைந்தால், காரணத்தைப் பதிவு செய்து, எழுத்து மூலமாக, குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் அதைக் கொல்ல யாருக்கும் அனுமதி தரலாம். அவர் அதிகாரம் அளித்த அலுவலரும் தரலாம். சொத்து என்பதில் நிலத்தில் நிற்கும் பயிரும் அடக்கம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. புள்ளிமான் இருப்பது இந்த இரண்டாம் அட்டவணையில். ஆக உங்கள் கேள்வி சட்டத்துக்குப் புறம்பானதல்ல. யாராவது “மான் என்றாலே பேச்சே கிடையாது” என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தால், 11(1)(ஆ) பிரிவைக் காட்டுங்கள்.

மேய்வது எந்த விலங்கு என்பதில் மட்டும் சந்தேகமே இருக்கக்கூடாது. வெளிமான் என்றால் அது முதல் அட்டவணை. மயிலும் காட்டெருமையும் அப்படித்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகு நாட்டுக்குரங்கும் அங்கே போய்விட்டது. முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாக இருந்தாலோ, பிழைக்க முடியாத நோய், ஊனத்தில் இருந்தாலோதான் அனுமதி. பயிர்ச் சேதம் அங்கே காரணமாகவே எடுபடாது.

இப்போது நடைமுறை. இந்த அனுமதி புள்ளிமானுக்குக் கிடைப்பது அரிதிலும் அரிது. தமிழ்நாட்டில் அரசு துணிந்து கைவைத்தது காட்டுப்பன்றி விஷயத்தில்தான். 2025 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த ஏற்பாட்டைப் பாருங்கள்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ. தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல. உங்கள் நிலம் முக்கால் கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே பன்றிக்கே துப்பாக்கி எடுபடாது என்றால் மானுக்கு எப்படி எடுபடும்? கேரளம் 2022-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊராட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைப் பட்டியலிட்டு வைத்தது. அதுவும் பன்றிக்குத்தான்.

பக்கத்து ஊர்க்காரருடைய லைசென்ஸைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தருவது உண்மை. அந்தத் தாளில் பயிர்ப் பாதுகாப்பு என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது துப்பாக்கியை வைத்திருக்கத் தரும் உரிமை மட்டுமே. விலங்கைக் கொல்ல 11-ஆம் பிரிவின்படி தனி உத்தரவு வேண்டும். அது இல்லாமல் புள்ளிமானைச் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுட்டவரோடு கூப்பிட்டவரும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். வெளிமானாக இருந்தால் குறைந்தபட்சமே 3 ஆண்டு, அதிகபட்சம் 7.

வேட்டை என்றால் சுடுவது மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். விஷம் வைப்பது, சுருக்குக் கண்ணி, வலை, நாயை ஏவித் துரத்திப் பிடிப்பது, இவற்றில் எதையும் முயன்று பார்ப்பதுகூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். தகரம் தட்டி, விளக்கடித்து உங்கள் வயலைவிட்டு ஓட்டுவதற்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை. கண்ணி கட்டினால் போடுவார்கள்.

உங்கள் மைத்துனர் சொல்வது பொய்யல்ல. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். அங்கே மான் வேட்டை பருவத்துக்குப் பருவம் நடக்கிற சட்டபூர்வமான விஷயம். மாநில அரசு எத்தனை மானைச் சுடலாம் என்று கணக்குப் போட்டு அனுமதிச் சீட்டு விற்கிறது. பயிர்ச் சேதத்துக்கான பர்மிட் அதன் மேல் ஒரு கூடுதல் ஏற்பாடு. அலுவலர் வந்து வயலைப் பார்த்த பிறகுதான் கிடைக்கும், எண்ணிக்கையும் காலமும் அதில் எழுதியிருக்கும். விஸ்கான்சினில் நஷ்டஈடு கேட்கிற விவசாயி தன் நிலத்தில் வெளியாட்கள் வேட்டையாட இடம் கொடுக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. முன்பின் தெரியாத ஆட்கள் துப்பாக்கியோடு நம் கடலைக் காட்டில் நடமாட நீங்கள் சம்மதிப்பீர்களா, தெரியவில்லை! இன்னொன்றையும் அந்த ஊர் அனுபவம் காட்டியிருக்கிறது. கொம்புள்ள கிடாயைச் சுட்டால் மந்தை குறையாது, பெண்மானைக் குறைத்தால்தான் குறையும். நம் புள்ளிமான் ஆண்டு முழுவதும் குட்டி போடக்கூடியது. ஒரு மந்தையில் இரண்டு கிடா விழுந்தால் மிச்சம் அடுத்த வாரமே அதே வயலுக்கு வரும். அனுமதியே கிடைத்தாலும் உங்களுக்கு அது பெரிய விமோசனம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் மனு எதற்கு? நஷ்டஈட்டுக்கும் காப்பீட்டுக்கும் வேலி மானியத்துக்கும் அதுதான் அடிப்படை. பதிவில் இல்லாத சேதம் நடக்காத சேதம்தான். அரசு விலங்கைத் தன் சொத்து என்கிறது, அதற்குத் தீனி மட்டும் விவசாயி போடுகிறார். இந்த அநியாயத்தைச் சொல்ல உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் காகிதம்.

முதலில் சேதம் செய்தது மான்தான் என்று நிரூபியுங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அதனால் செடியைக் கடித்து இழுத்துக் கிழிக்கும், வெட்டுவாய் நார் நாராகத் தொங்கும். முயல் கடித்தால் கத்தரித்தது போல் சாய்வாக, சுத்தமாக இருக்கும். பன்றி மண்ணையே கிளறிக் கடலையை வேரோடு எடுத்திருக்கும். இரட்டைக் குளம்புத் தடம், குவியலாகக் கிடக்கும் புழுக்கை இரண்டையும், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, தேதியும் இடமும் பதியும்படி செல்போனில் படமெடுங்கள். தடம் காலை வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும், விடியும்போதே எடுங்கள்.

பிறகு மாவட்ட வன அலுவலருக்கு மனு. வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், சிட்டா, படங்கள், சேதப் பரப்பு பற்றி உதவி வேளாண்மை அலுவலர் தரும் குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள். தமிழ்நாட்டில் வன விலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்துக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் என்பது அரசின் உச்ச அளவு. கைக்கு வருவது மதிப்பீட்டைப் பொறுத்தது. யானைக்கும் பன்றிக்கும் மனு கொடுப்பவர்கள்தான் அதிகம் என்பதால், உங்கள் மனுவின் கடைசியில் “புள்ளிமான் சேதத்துக்கு இழப்பீடு உண்டா, இல்லையெனில் எந்த அரசாணைப்படி இல்லை என எழுத்தில் தெரிவிக்கவும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாய்வார்த்தைப் பதிலை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் அதே நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாளில் எழுந்து நில்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் ஆளுக்கொரு மனுவோடு வந்தால் சேதம் ஒருவர் புலம்பலாகப் போகாது.

காப்பீட்டில் ஒரு புதிய வாசல் திறந்திருக்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்குத் தாக்குதலைக் கூடுதல் காப்பாகச் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீஃப் பருவத்திலிருந்து இது பொருந்தும். யானை, பன்றி, குரங்கோடு மானும் அந்த அறிவிப்பில் வருகிறது. ஆனால் எந்த மாவட்டத்தில், எந்த விலங்குக்கு என்பதை மாநில அரசுதான் அறிவிக்க வேண்டும். சேதம் நடந்து 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுச் செயலியில் இடக்குறியுடன் படம் ஏற்ற வேண்டும். பிரீமியம் கட்டும்போதே, இந்தக் காப்பு நம் வட்டாரத்துக்கு உண்டா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மான் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இனி, பயிரை உண்மையாகக் காப்பாற்றும் விஷயத்துக்கு வருகிறேன்.

புள்ளிமானுக்கு 5 அடி வேலி பொருட்டே அல்ல. கம்பி வலை என்றால் 8 அடி வேண்டும், அதற்கு ஆகும் செலவு மானாவாரி நிலத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மானுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. உயரத்தைத் தாண்டும், அகலத்தையும் தாண்டும், இரண்டும் சேர்ந்து வந்தால் தயங்கும். குதித்தால் எங்கே இறங்குவோம் என்று தெரியாத இடத்தில் காலெடுக்காது. அதனால் ஒரே உயரமான வேலிக்குப் பதில், 3, 4 அடி இடைவெளி விட்டு இரண்டு குட்டை வேலிகள் போட்டால் நல்ல பலன் உண்டு. நம் ஊரில் பழைய சேலையை வரப்பு முழுக்கக் கட்டுகிறார்களே, அது வேலை செய்வதும் அதே காரணத்தால்தான்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. சில வாரத்தில் மான் பழகிவிடும் என்பது உண்மை. ஆனால் முளைத்த முதல் மூன்று நான்கு வாரம்தான் உங்களுக்கு முக்கியம், அதுவரை சேலை தாங்கும்.

சூரிய மின்வேலிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. விநாடிக்கு ஒரு முறை போல மின்துடிப்பு அனுப்பும் கருவி அது. அதிர்ச்சி தரும், கொல்லாது. தமிழ்நாட்டில் 2023-இல் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்துவிட்டன. காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் மாவட்ட வன அலுவலரின் முன் அனுமதி இல்லாமல் போடாதீர்கள், இந்தியத் தர நிர்ணய முத்திரை இல்லாத கருவியையும் வாங்காதீர்கள். போட்ட பிறகு அடிக்கம்பியில் புல் படராமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையும். புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், பெயருக்குத்தான் வேலி நிற்கும்.

மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயரை இழுத்து வேலியில் மாட்டுவதை மட்டும் கனவிலும் நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரியில் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. யானை செத்தால் செய்தியாகிறது. விடிகாலையில் மடை திறக்கப் போன பக்கத்து வயல்காரர் செத்தால் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

மானை விரட்டப் பயிரில் தெளிக்கும் மருந்துகளில் அழுகிய முட்டைக் கரைசலைத்தான் நம்பலாம். அமெரிக்கச் சந்தையில் விற்கும் மான் விரட்டிகள் பலவற்றின் மூலப்பொருளே அதுதான். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும், புதிதாக விட்ட இலையில் இருக்காது. ஆகவே இளம்பயிரில் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். சந்தையில் விதவிதமான பெயரில் வரும் மற்ற மருந்துகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். காட்டுப் பக்கத்து ஓரத்தில் சில வரிசை ஆமணக்கோ மிளகாயோ போடுங்கள். மான் அவற்றில் பெரிதாக வாய் வைக்காது. கடலையை வீட்டுப் பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் விதைப்புக்கு முன்பே செய்யுங்கள். ருசி கண்ட மந்தையைத் தடுப்பது, ருசி காணாத மந்தையைத் தடுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

செலவைப் பாதியாக்கவும் ஒரு கணக்கு இருக்கிறது. சதுரமான 4 ஏக்கரைச் சுற்றிவர ஏறக்குறைய 1,670 அடி வேலி வேண்டும். உங்களைப் போல 4 ஏக்கர்காரர் நால்வர் ஒட்டினாற்போல் இருந்தால், 16 ஏக்கரைச் சேர்த்துச் சுற்ற 3,340 அடி போதும், ஆளுக்கு 835 அடி. பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றால் ஊராட்சித் தலைவரை நடுவில் வைத்துப் பேசுங்கள். யார் எந்தப் பக்கத்துப் புல்லை வெட்டுவது, வண்டிப்பாதைக் கதவை இரவில் யார் சாத்துவது என்பதையும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.