சுடுதண்ணி டாங்கின் புகைக்குழாய்: களுவாஞ்சிகுடித் தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இது: கனடாவில், ஸ்காபரோவில் வாங்கிய பழைய வீட்டுக்குப் புது ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் காஸ் உலை) பூட்டியாயிற்று, சுடுதண்ணி டாங்க் மட்டும் பழைய செங்கல் புகைபோக்கியில் நிற்கிறது. ஊரில் பைப் வேலை பழகிய கை இருக்கிறது, வெள்ளை பீவீசீ பிளாஸ்ரிக் பைப் வாங்கிப் பக்கச் சுவரால் புகையை நாமே வெளியே விடலாமா?

கூடாது. நம் ஒன்ராறியோ மாகாணத்தில் காஸ் சாதனத்திலும் அதன் புகைக்குழாயிலும் கைவைக்க ரீ.எஸ்.எஸ்.ஏ என்ற பாதுகாப்பு அதிகாரசபையின் உரிமம் வேண்டும். சொந்த வீடு என்றாலும் விலக்கு இல்லை. ஆனால் வேலை சரியாக நடந்ததா என்று பார்க்கும் அறிவு உங்களுக்குக் கட்டாயம் இருக்க வேண்டும். அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் காஸ் என்றால் சிலிண்டர், அடுப்பு. கசிந்தால் மணக்கும், ஜன்னலைத் திறப்போம். ஓட்டு வீட்டுக் குசினியில் காற்றுப் போக வழிக்குக் குறைவில்லை. இங்கே குளிருக்காக வீட்டை இறுக்கி மூடியிருக்கிறது. கசிகிற காஸுக்கு மணம் சேர்த்திருக்கிறார்கள். எரிந்த புகையில் வரும் காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் நச்சு வாயு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

முதலில் உங்கள் புகைபோக்கி. பழைய ஃபேர்னஸும் டாங்கும் சேர்ந்து அதைச் சூடாக வைத்திருந்தன. புது ஃபேர்னஸ் தன் புகையைத் தனிப் பிளாஸ்ரிக் பைப்பால் வெளியே விடுகிறது. இப்போது ஏறத்தாழ 40,000 பீடீயூ (மணிக்கு எவ்வளவு வெப்பம் என்ற அளவு) டாங்க் ஒன்றே அந்தப் பெரிய புகைபோக்கியில் தனித்து நிற்கிறது. தை மாதக் குளிரில் புகை பாதி வழியிலேயே ஆறிவிடும். ஆறினால் ஏறாது, டாங்கின் தலையில் புகைக்குழாய் தொடங்கும் இடத்திலுள்ள திறந்த உலோகக் குடை வழியாகக் கீழறைக்குள் திரும்பும். ஒரு கனமீற்றர் காஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாகப் புகையில் போகிறது. அது செங்கலுக்குள் படிந்து சாந்தை அரிக்கும். ஃபேர்னஸ் பூட்டியவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். தீர்வு இரண்டு: புகைபோக்கிக்குள் உயரத்துக்கும் பீடீயூவுக்கும் ஏற்ற உலோக லைனர் (உட்குழாய்) இறக்குவது, அல்லது விசிறியால் புகையைத் தள்ளும் பவர் வென்ற் டாங்குக்கு மாறுவது. உங்கள் கீழறையில் ஆட்கள் இருக்கப் போகிறார்கள் என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

வெள்ளை பைப்பை இப்போதைய டாங்கில் பூட்டினால் உருகும். புகைக்குழாய்க்கான பீவீசீகூட 65 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்காது, சாம்பல் நிற சீபீவீசீ 90 வரை தாங்கும். இயற்கையாக ஏறும் புகை அதைவிடச் சூடானது. பவர் வென்ற் டாங்கின் மேலே ஒரு விசிறி இருக்கும். அது வெளிக்காற்றைக் கலந்து புகையை ஆற்றித் தள்ளுகிறது, அதனால்தான் அங்கே பிளாஸ்ரிக் செல்லும். விசிறிக்கு 120 வோல்ற் பிளக் வேண்டும், கரண்ட் போனால் சுடுதண்ணியும் இல்லை.

பைப்பில் யூ.எல்.சி எஸ்636 என்று, அதாவது காஸ் புகைக்குழாய்க்கான தர முத்திரை, அச்சிட்டிருக்க வேண்டும். கடையில் மலிவாக விற்கும் கழிவுநீர் பைப்பும் அதே வெள்ளைதான், எழுத்தைப் பார்த்துத்தான் பிரித்தறியலாம். கறுப்பு ஏபீஎஸ் பிளாஸ்ரிக் பைப் ஆகவே ஆகாது. பைப், முழங்கை, பிரைமர், பசை எல்லாம் ஒரே கொம்பனியின் ஒரே தொகுதியாக இருக்க வேண்டும், கலக்கக் கூடாது. நேராக வெட்டி, பிசிர் நீக்கி, பிரைமர் பூசி, பசை தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விசிறி தள்ளுவதால் மூட்டில் சிறு ஓட்டை இருந்தாலும் புகை வீட்டுக்குள்தான் வரும். இயற்கை இழுவைப் பைப்பில் பெரும்பாலும் அறைக்காற்று உள்ளே இழுபடும், இங்கே அது தலைகீழ். அதனால் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பைப் எங்கும் தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி வழியை அடைக்கும், அழுத்தச் சுவிட்ச் டாங்கைப் பற்றவிடாது. முழங்கை கூடக்கூட விசிறிக்குச் சுமை. ஒவ்வொரு 90 பாகை முழங்கையையும் பல அடி நேர் பைப்புக்குச் சமமாகக் கணக்கெடுத்து, 2 அங்குலமா 3 அங்குலமா என்று கையேட்டின் அட்டவணையில் பார்ப்பார்கள்.

வெளியே பைப் முடியும் இடம்: நிலத்திலிருந்து குறைந்தது 12 அங்குலம். பனி குவியும் வீட்டுக்கு இன்னும் உயரம் நல்லது. திறக்கும் ஜன்னல், கதவிலிருந்து இந்த அளவு டாங்குக்கு 12 அங்குலம். 100,000 பீடீயூவுக்கு மேற்பட்ட, டாங்க் இல்லாத ஹீற்றர் என்றால் 3 அடி. காற்றை உள்ளிழுக்கும் இயந்திரத் துவாரத்திலிருந்து 6 அடி, காஸ் ரெகுலேற்றரின் வாயிலிருந்து 3 அடி. இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைபாதைக்கு நேர் மேலே விடவே கூடாது. ஸ்காபரோவில் வீடுகள் நெருக்கம், பலருக்கு இங்கேதான் திட்டம் உடைகிறது. சுவரில் துளை போடும் முன் நீங்களே அளந்து பாருங்கள்.

மாறும் வரை பழைய டாங்கைச் சோதியுங்கள். காஸ் மணம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஜன்னல் கதவுகளை மூடி, குசினி, குளியலறை விசிறிகளையும் டிரையரையும் ஓடவிடுங்கள். சுடுதண்ணியைத் திறந்து டாங்கைப் பற்றவைத்து 5 நிமிடம் பொறுங்கள். பிறகு குடையின் ஓரத்தில் ஊதுவத்தி பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் டாங்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். டாங்கின் தலையில் கருகல், துரு, தண்ணிப் பைப்பைச் சுற்றிய பிளாஸ்ரிக் வளையம் உருகியிருப்பது எல்லாம் புகை திரும்பியதன் அடையாளம். கீழறையில் ஒரு அறை கூட்டுவதற்காக டாங்கைச் சுற்றிப் பலகை அடித்து மூடாதீர்கள். எரிவதற்கு அதற்குக் காற்று வேண்டும்.

காபனோரொட்சைட்டு அலாரம் படுக்கும் இடங்களுக்கு அருகில் கட்டாயம். ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில் 2008இல் இந்த வாயுவால் ஒரு குடும்பமே இறந்த பிறகு, 2013இல் ஒன்ராறியோ இதற்கென்றே சட்டம் இயற்றியது. கீழறைக்குத் தனியாக ஒன்று வையுங்கள். அதன் பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல் வந்து, வெளியே போனால் குறைகிறது என்றால் எல்லோரும் வெளியே வந்து 911 அழையுங்கள்.

வேலைக்கு வருகிறவரிடம் ஜி2 (காஸ் தொழில்நுட்பவியலாளர்) உரிம அட்டையைக் கேளுங்கள், கோபிக்க மாட்டார். வீட்டுக் கதவைத் தட்டி டாங்க் விற்பவரோடு பேச்சே வேண்டாம், அது 2018 முதல் இங்கே தடை. பரிசோதகர் குறை கண்டு சிவப்பு அட்டை தொங்கவிட்டால், ஏ வகை என்றால் உடனே காஸ் நிறுத்தம், பீ வகை என்றால் திருத்த 45 நாள் வரை தவணை.

டாங்கின் பக்கத்திலுள்ள ஸ்ரிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள். மொடல் இலக்கமும் பீடீயூவும் தெரிந்தால், பவர் வென்ற்றுக்கு எந்தச் சுவர் சரிவரும் என்று மேலே பேசலாம்.